பரண்மேல் கிடக்கும் தொப்பி

மதுரை நகரத்து மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் பரண் என்று ஒன்று உண்டு. பித்தளை அண்டாவுக்கும் கொலுப் படிக்கும் பின்னால், அங்கே ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் இரண்டு தலைமுறைக்கு முந்திய தலைகள் அணிந்தவை யாவும் அதற்குள் உறங்குவதைக் காணலாம். கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போன ஜரிகைத் தலைப்பாகை ஒன்று. மடிப்புக்களில் மஞ்சள் பாரித்த கதர்க் குல்லாய் ஒன்று. காக்கித் துணி போர்த்த நெட்டித் தொப்பி ஒன்று. கொழும்பிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ யாரோ ஒரு சிற்றப்பா கொண்டுவந்த ஃபெல்ட் தொப்பி ஒன்று. இவற்றை அணிவார் இன்று வீட்டில் இல்லை. எறிந்துவிடவும் மனம் வருவதில்லை.

ஆயினும் வருஷத்துக்கு ஒரு முறை இவற்றின் ஆயுளுக்குக் கண்டம் வருகிறது. போகிப் பண்டிகையன்று பரணைச் சுத்தம் செய்யும்போது, "இந்தக் கந்தல் எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். ஃபெல்ட் தொப்பி நெருப்புக்குப் போகும். நெட்டித் தொப்பி பள்ளிக்கூட நாடகத்துக்குத் துரை வேஷமாகப் போகும். ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளிக்காக உருக்குகிறவரிடம் எடைக்குப் போகும். குல்லாயோ கரித்துணியாகிவிடும்.

ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்ட நாடு நம்முடையது. அப்படிப் போனவற்றை எண்ணி மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் எவ்வளவு வருந்தினார் என்பதை நேயர்கள் அறிவார்கள். சுவடியில் எழுத்து இருந்தது; ஆகையால் அதன் அருமை பிற்காலத்திலாவது தெரிந்தது. தொப்பியில் எழுத்து இல்லை. அதனால் அது பேசாது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது பேசக்கூடியது என்பதையும், அதை வாங்குவதும் பேணுவதும் சீர்திருத்துவதும் எப்படி என்பதையுமே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

தலைப்பாகையும் மானமும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம்மவர் வழக்கு. தலைக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்டது தலைப்பாகை என்பது அந்தப் பழமொழியிலேயே அடங்கியிருக்கிறது. அது வெறும் வெயிலுக்கு மறைப்பாக இருந்ததில்லை. யார் கட்டலாம், யார் கட்டக் கூடாது, யார் முன்னிலையில் அவிழ்க்க வேண்டும் என்றெல்லாம் எழுதாத சட்டம் நமது கிராமங்களில் இருந்தது. உழைக்கும் ஏழை ஒருவன் பெரிய வீட்டுத் தெருவில் நுழையும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்த கொடுமையை நாம் மறைப்பதற்கில்லை. அந்நியன் நமக்குச் செய்த அவமானத்தைச் சொல்லும்போது, நம்மவர் நம்மவருக்குச் செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடல் கடந்து போன இடத்திலும் இந்த வழக்கு தொடர்ந்தது. 1893-ஆம் வருஷம் மே மாதத்தில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக் கோர்ட்டுக்குப் போனார். தலைப்பாகையை எடுத்துவிடும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். இருபத்து மூன்று வயது நிரம்பிய அந்த இளம் பாரிஸ்டர் அதற்கு இணங்காமல் கோர்ட்டை விட்டு வெளியேறினார். மறு வருஷம் நேட்டால் உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டபோது, தலைமை நீதிபதியின் சொல்லுக்கு இணங்கி அவரே தலைப்பாகையை எடுத்தார். இதைவிடப் பெரிய போராட்டங்களுக்குத் தம் பலத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதே 1894-ஆம் வருஷத்தில் பாலசுந்தரம் என்ற தமிழர் அவருடைய ஆபீசுக்கு வந்தார். அவர் ஒப்பந்தக் கூலி. எஜமானன் அடித்ததில் முன் பற்கள் இரண்டு உடைந்திருந்தன, வாயிலிருந்து இரத்தம் ஒழுகிற்று, துணி கிழிந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் தலைத்துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் போகும் கூலி எவரும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். காந்தியடிகளின் முன்னிலையிலும் அப்படியே நிற்க வேண்டும் என்று அவர் கருதினார். காந்தியடிகளோ, துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னார். தயக்கத்துடன்தான் பாலசுந்தரம் கட்டிக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைத் தாம் கண்டதாகக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு முழத் துண்டில் ஒரு மனிதனுடைய மானம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தச் சரித்திரத்தின் அடுத்த கட்டம் நமது மதுரையிலேயே நடந்தது. 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். வழியில் பிரயாணிகள் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைக் கண்டு, கதர் உடுத்தக் கூடாதா என்று கேட்டார். கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் அவரை உறங்கவிடவில்லை. மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்த அவர், 22-ஆம் தேதி தொப்பியையும் சட்டையையும் துறந்து, முழங்கால் அளவுத் துணியோடு வெளியே வந்தார். அக்டோபர் 31 வரைக்கும் என்று முதலில் சொன்னார். அது ஆயுள் முழுவதற்கும் ஆயிற்று. அவர் புது உடையில் பொதுமக்கள் முன் தோன்றிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்ற பெயர் நிலைத்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. தேசமெங்கும் தொண்டர்கள் அணிந்த வெள்ளைக் குல்லாய்க்குக் காந்திக் குல்லாய் என்று பெயர். ஆனால் 1921-க்குப் பிறகு காந்தியடிகள் அதை அணியவில்லை. அந்தக் குல்லாய் பிறந்த விதத்தைக் காகா காலேல்கர் எழுதி வைத்திருக்கிறார். பல மாகாணத்துத் தலையணிகளையும் ஆராய்ந்த காந்தியடிகள், காஷ்மீரத்துக் குல்லாயைத் தேர்ந்தெடுத்தாராம். அது லேசானது, மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். கம்பளிக்குப் பதில் பருத்தித் துணி போதும் என்றார். நிறம் வெள்ளையாக இருக்கட்டும், அழுக்கு உடனே தெரிந்தால்தான் அடிக்கடி துவைப்பார்கள் என்றார். டர்பனில் எடுக்க மறுத்த தலைப்பாகை, பாலசுந்தரத்தைக் கட்டச் சொன்ன துண்டு, மதுரையில் தாமே துறந்த தொப்பி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அணிவதில் மானம் இருப்பதுபோல் எடுப்பதிலும் மானம் இருக்கலாம். எவன் சொல்லி எடுத்தோம் என்பதே கேள்வி.

அந்நியத் தொப்பியைக் காக்கலாமா?

இங்கே நேயர்களில் சிலர் ஓர் ஆட்சேபம் கூறக்கூடும். "கதர்க் குல்லாயைக் காப்பது சரி, துரைத்தனத்தின் அடையாளமான ஃபெல்ட் தொப்பியை ஏன் காக்க வேண்டும்? 1921 ஜூலை 31-ஆம் தேதி பம்பாய்ப் பரேலில் அந்நியத் துணியைக் குவித்துக் கொளுத்தவில்லையா?" என்பார்கள். வாஸ்தவம். அன்று கொளுத்தியவர்கள் உடுத்திக்கொண்டிருந்ததைக் கொளுத்தினார்கள். அது தியாகம். இன்று நாம் கொளுத்தினால் அது தியாகம் ஆகாது, வெறும் மறதிதான். அந்தத் தொப்பியை அணிந்து கொழும்பில் கணக்கு எழுதிய சிற்றப்பா, ஒவ்வொரு மாதமும் அனுப்பிய பணத்தில்தான் நம் வீட்டில் ஒரு கல்யாணமோ ஒரு படிப்போ நடந்திருக்கும். மரியாதைக்காக அணிந்தாரா, பயத்துக்காக அணிந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது தொப்பி மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?

ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று. கம்பளி ரோமத்தின்மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ரோமத்தை வெந்நீரில் நனைத்து, அழுத்தித் தேய்த்தால், அந்தச் செதில்கள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு ஒரே படலமாக இறுகிவிடும். காஷ்மீரத்தில் செய்யும் நம்தா விரிப்புக்கள் இந்த முறையில் ஆனவையே. நமது பக்கத்துக் கரிசல் நிலங்களில் மேயும் கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளுக்குக் குட்டையான முடிதான் உண்டு, கம்பளி இல்லை. ஆகவே பாண்டி நாட்டில் இந்தத் தொழில் வளர இடமில்லாமற் போயிற்று. இங்கே காணும் ஃபெல்ட் தொப்பி ஒவ்வொன்றும் எங்கிருந்தோ பிரயாணம் செய்து வந்ததுதான்.

வாங்கும்போது

பரணில் இல்லாதவர்களும் இவற்றில் ஆசை கொண்டு வாங்குவதுண்டு. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் திலகர் திடலில் கூடும் சந்தையில் பழைய சாமான்கள் வரும். லோகமான்யரின் சிவப்புத் தலைப்பாகையை அறியாதவர் யார்? அவர் பெயர் கொண்ட திடலில் பழைய தொப்பி தேடுவது பொருத்தமே. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவிலும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம் பொருள்களை விற்கும் கடைகள் உண்டு.

வாங்குமுன் தொப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள். ஊசி முனை போன்ற ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி அரித்திருக்கிறது என்று பொருள். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உயிரோடு இருக்கும் ஃபெல்ட் வளைந்து கொடுக்கும், செத்தது மடிப்பில் உதிரும். உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டை இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். முற்றிலும் தள்ள வேண்டியதில்லை. அந்தப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் கடையின் பெயர், ஊர், அளவு முதலியன அச்சிட்டிருக்கும். 7 என்று இருந்தால் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். சிலர் தங்கள் பெயரின் முதல் எழுத்துக்களையும் அங்கே பொறித்து வைத்தார்கள். அந்த எழுத்துக்கள் இருக்கும் தொப்பியே நமக்கு விலை உயர்ந்தது.

ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். முயல் ரோமத்தால் ஆன மெல்லிய, பட்டுப் போன்ற ஃபெல்ட் செய்வதற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். தொப்பித் தொழிலாளர் அந்த நஞ்சை மூச்சிழுத்துக் கை நடுக்கமும் சித்தக் கலக்கமும் அடைந்தார்கள். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரத்தின் பெயராலேயே அந்த நடுக்கத்தைக் குறிப்பிட்டார்கள். 1941-இல்தான் அந்த நாட்டில் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். ஆகையால் பழைய ரோமத் தொப்பியைத் தலையில் அணியாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், தொட்ட பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சொரசொரப்பான கம்பளி ஃபெல்ட்டில் இந்த அபாயம் குறைவு. எது என்று சந்தேகம் இருந்தால் ரோமத் தொப்பி என்றே எண்ணி நடந்துகொள்வது நலம்.

பேணும் முறை

நமது ஊரில் தொப்பிக்குப் பகைவர் மூவர்: புழுதி, வெயில், ஐப்பசி மழை. புழுதிக்கு மிருதுவான பிரஷ் போதும். நார் படிந்திருக்கும் திசையிலேயே துடைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் நிறம் வெளுக்கும். நிழலில் காற்றாட விடுங்கள். எடுக்கும்போது உச்சியைக் கிள்ளிப் பிடிக்கக் கூடாது. இரு கைகளாலும் விளிம்பைத் தாங்கி எடுக்க வேண்டும். வைக்கும்போது விளிம்பின்மேல் உட்கார வைக்காமல், உச்சி கீழாகக் கவிழ்த்து, உள்ளே பழைய மல் துணியைச் சுருட்டி அடைத்து வைத்தால் உருவம் கெடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முல்தானி மண்ணைத் தூவி, ஓர் இரவு விட்டுத் தட்டிவிடலாம். உள்பட்டைத் தோல் காய்ந்திருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தடவுவது பெரும் தவறு; அது ஃபெல்ட்டில் ஊறிக் கறையாகி, பின்பு சிக்கல் நாற்றமும் தரும்.

நசுங்கிய கம்பளித் தொப்பியை நிமிர்த்த இட்டிலிப் பானையின் ஆவியே போதும். ஆவிக்கு ஒரு சாண் தள்ளிச் சில வினாடிகள் காட்டி, கையால் நீவி, துணி சுற்றிய பாத்திரத்தின்மேல் கவிழ்த்து உலர விடுங்கள். நனைத்துவிடாதீர்கள், நனைந்த ஃபெல்ட் சுருங்கும். பாதரசம் உள்ள தொப்பிக்கு இந்த வைத்தியம் கூடாது என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறோம்.

அந்துப்பூச்சி பறக்கும்போது தின்பதில்லை. அதன் புழுதான் தின்கிறது. இருட்டும் அழுக்கும் வேர்வையும் அதற்குப் பிரியம். வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிமார் கண்ட காவல். ஆனால் துணியில் படாமல் தனிப் பொட்டலமாக வைக்க வேண்டும், அவற்றையே முழுதும் நம்பிவிடவும் கூடாது. அந்துருண்டையின் வாடை கைக்குழந்தைகளுக்கு ஆகாது. புழு கண்டுவிட்டால் தொப்பியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். பொருட்காட்சி சாலைகளில் கம்பளிப் பொருள்களைக் காக்கும் முறையும் இதுவே.

கதர்க் குல்லாய்க்குச் சத்துரு வேறு. அது கஞ்சி. கஞ்சி போட்டபடியே பெட்டியில் வைத்தால் இராமபாணப் பூச்சி வந்து சேரும். கஞ்சி முழுதும் போக அலசி, நன்றாக உலர்த்தி, மல் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பை அவ்வப்போது இடம் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் அந்த இடத்தில் நூல் இற்றுவிடும். ஜரிகைத் தலைப்பாகையை மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். ஜரிகை கறுத்ததென்று புளியோ எலுமிச்சம்பழமோ தேய்த்தால் கறுப்போடு வெள்ளிப் பூச்சும் போய்விடும். நெட்டித் தொப்பிக்கு ஈரம் ஆகவே ஆகாது; அது நீர்நிலைகளில் வளரும் தக்கையான நெட்டிச் செடியின் தண்டிலிருந்து செய்தது, ஈரத்தில் ஊறி உப்பிவிடும். தஞ்சாவூர்க் கைவினைஞர் கோயில் கோபுரங்களைச் செதுக்குவதும் அந்த நெட்டியில்தான்.

புதுப்பிப்பதா, காப்பாற்றுவதா?

பழுது பார்க்கும் கலை நம் ஊரில் இல்லை என்று எண்ண வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கு உருமாலும் தொப்பியும் தைத்துக் கொடுக்கும் தையற்காரர்கள் மதுரையில் இருக்கிறார்கள். நெடுங்காலம் புதுமண்டபத்துத் தூண்களுக்கு இடையே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அண்மைக் காலத்தில் அங்கிருந்த கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் பெயர்ந்தன. கிழிந்த உள்துணியையும் அறுந்த நாடாவையும் சேர்த்துத் தைக்க அத்தகைய கைகள் போதும்.

ஆனால் தைப்பதற்கு ஒரு தர்மம் உண்டு. பின்னால் வருகிறவர் பிரித்துவிடக் கூடிய வேலையை மட்டுமே செய்ய வேண்டும். நூல் தையலைப் பிரிக்கலாம். பசையைப் பிரிக்க முடியாது. சாயம் தோய்த்தால் பழைய நிறம் திரும்பாது. நாடா நைந்து போய்ப் புதியது போட நேர்ந்தால், பழையதை எறியாமல் ஒரு காகித உறையில் போட்டுத் தொப்பியோடு வையுங்கள். அழுக்கு வேறு, அடையாளம் வேறு. புழுதி அழுக்கு, அதைத் துடைக்கலாம். நெற்றி பட்டுப் பட்டுக் கறுத்த தோல் பட்டை அடையாளம். பூச்சிக்கு இரையாகாத வரையில் அதை விட்டுவிட வேண்டும்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் நமது கண் முன்னாலேயே இருக்கிறது. மதுரைத் தமுக்கம் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி அங்கே கண்ணாடிப் பெட்டியில் உள்ளது. அதில் இரத்தக் கறை இருக்கிறது. அதைத் துவைத்து வெளுத்து வைத்திருந்தால் அது நான்கு முழக் கதர் என்பதற்கு மேல் வேறொன்றும் ஆகியிராது. மதுரையில் உடையைக் குறைத்துக்கொண்ட மனிதர் கடைசியாக உடுத்திய துணி மதுரைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வந்தவர்கள் அதன் முன் பேச்சற்று நிற்கிறார்கள்.

நம் பரண்மேல் இருப்பது அத்தகைய மகத்தான பொருள் அன்று; ஆனால் நியாயம் ஒன்றுதான். இனிப் போகிப் பண்டிகையன்று பெட்டியைக் கீழே இறக்குங்கள். மழைக்காலம் முடிந்து ஈரமும் பூச்சியும் தெரியும் சமயம் அது. பார்வையிடுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. தொப்பியைத் துடையுங்கள், காற்றாட வையுங்கள். வீட்டுப் பெரியவர்களை அருகில் உட்கார வைத்து, இது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எதற்காக அணிந்தார், ஏன் அணிவதை விட்டார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் பென்ஸிலால் எழுதித் தொப்பிக்குள் வையுங்கள். மை கசியும்; பென்ஸில் எழுத்து நிற்கும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெட்டியை மீண்டும் பரணில் ஏற்றலாம். அதைக் கந்தல் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.